ஒரு வாளித் தண்ணீர்: கழிப்பறைப் பழுதை இனங்காணும் முறை

‘தண்ணீர் இறங்கவில்லை’ என்று வீடுகளில் ஒரே தொடரால் சொல்லப்படும் கழிப்பறைப் பழுது, மூன்று வெவ்வேறு இடங்களில் தோன்றக்கூடியது. தண்ணீரைத் தேக்கித் தரும் ஃப்ளஷ் டேங்கில் குறை இருக்கலாம். பீங்கானின் அடிவளைவிலோ அதை ஒட்டிய குழாயிலோ அடைப்பு விழுந்திருக்கலாம். வீட்டுக்கு வெளியே மண்ணுக்கடியில் உள்ள செப்டிக் டேங்கோ உறிஞ்சு குழியோ நிரம்பியிருக்கலாம். இவற்றுள் எது என்று அறியாமல் ஆசிட் வாங்கி ஊற்றுவதும், உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவதும், பீங்கானைப் பெயர்ப்பதும் பணத்தை வீணாக்குவதோடு சில வேளை புதிய கேட்டையும் உண்டாக்குவதால், பழுதின் இடத்தை இனங்காண்பதே முதல் வேலையாக அமைய வேண்டும்.

குமரி மாவட்டத்தின் தக்கலை போன்ற ஊர்களில் இந்த இனங்காணல் மேலும் இன்றியமையாததாகிறது. பழைய திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தை அடுத்து, வேளிமலைக்கு அருகே, வள்ளியாறும் குளங்களும் வாய்க்கால்களும் சூழ அமைந்த இவ்வூருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கிடைக்கின்றன. ஒரே மனைக்குள் கிணறும் தென்னையும் செப்டிக் டேங்கும் அமைந்திருப்பது இங்கே வழக்கமான காட்சி. ஆகவே, கழிப்பறையில் தண்ணீர் தயங்கி நிற்பதற்கான காரணத்தைப் பீங்கானில் மட்டுமல்லாமல் மண்ணிலும் மழையிலும் தேட வேண்டியிருக்கிறது.

வாளிச் சோதனை

பழுதின் இடத்தை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. பீங்கானில் தண்ணீர் ஏற்கெனவே விளிம்பு வரை ஏறியிருந்தால் அது வடியும் வரை காத்திருந்து, பிறகு முக்கால் வாளித் தண்ணீரை இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். தண்ணீர் தடையின்றி இறங்கிவிட்டால் கீழே எல்லாம் சரியாக உள்ளது, குறை ஃப்ளஷ் டேங்கில்தான் என்று கொள்ளலாம். தண்ணீர் மேலேறி மெல்ல மெல்ல வடிந்தால் அடைப்பு வளைவில் அல்லது குழாயில் இருக்க வாய்ப்பு மிகுதி. ஊற்றியவுடன் ‘குளுகுளு’ என்று காற்றுக் குமிழிகள் எழுந்தாலோ, பக்கத்துக் குளியலறைத் தரைத்துளை வழியே தண்ணீர் எதிர்த்து வந்தாலோ, வெளியே கழிவுக்குழாயைத் திறந்து பார்ப்பதற்கான தொட்டியாகிய சேம்பரையும் செப்டிக் டேங்கையும் பார்க்க வேண்டும்.

டேங்கில் குறை

ஃப்ளஷ் டேங்கின் குறைகள் பெரும்பாலும் சிறியவை. டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயின் வால்வு பாதி மூடியிருத்தல், மாடித்தொட்டியின் வண்டல் நுழைவாயிலின் சல்லடையை அடைத்தல், மிதவை தாழ்ந்து நின்று டேங்க் நிரம்பும் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுதல் ஆகியவை மூடியைத் திறந்த மாத்திரத்தில் கண்ணில் படும். பொத்தானை அழுத்தும் வகை டேங்குகளில், அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துபோனால் தண்ணீர் ஓயாமல் கசிந்து, டேங்க் நிரம்பாமலே இருக்கும். துணிக்குப் போடும் சொட்டுநீலத்தில் சில துளிகளை டேங்கில் விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால், கசிவு உள்ள டேங்கின் நீலம் பீங்கானில் இறங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுவரில் மாட்டிய, கைப்பிடி வைத்த பழைய வகை டேங்குகளில் ‘சைபன்’ என்னும் வளைகுழாய் இருக்கிறது. கைப்பிடியை அழுத்தும்போது ஒரு தட்டு மேலெழுந்து தண்ணீரை அவ்வளைவுக்கு மேலே தள்ள, மீதித் தண்ணீர் முழுவதும் அதன் பின்னே தானாக இழுபட்டு வருகிறது. அத்தட்டின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு கிழிந்துவிட்டால் நாலைந்து முறை அழுத்தினால்தான் தண்ணீர் வரும். அந்தத் தகட்டை மாற்றினாலே டேங்க் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. முன்பு 10 லிட்டர் டேங்குகள் பரவலாக இருந்தன. இப்போது விற்கப்படும் இரட்டைப் பொத்தான் டேங்குகள் பல, சிறு பொத்தானுக்கு 3 லிட்டரும் பெரிய பொத்தானுக்கு 6 லிட்டரும் விடுபவை. மிகுந்த தண்ணீருக்கென வடிவமைத்த பழைய பீங்கானின் மேல் புதிய சிறு டேங்கைப் பொருத்தினால், எந்த உறுப்பும் பழுதாகாமலே கழிவு முழுமையாக இறங்காமல் போகலாம்.

வளைவில் அடைப்பு

பீங்கானின் அடியில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நிற்கும்படி அமைந்த வளைவு, கழிவுக்குழாயின் நாற்றமும் வாயுவும் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் தண்ணீர்ப்பூட்டு ஆகும். சுமார் 50 மில்லிமீட்டர் ஆழமே அதற்குப் போதும். 1775-இல் லண்டனில் கடிகாரத் தொழில் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் இவ்வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். பயனுள்ள இதே வளைவில்தான் துணி, சோப்புத் துண்டு, ஈரத்தாள், சானிட்டரி நாப்கின் ஆகியவை சிக்கிக்கொள்கின்றன. நாப்கினுக்குள் உள்ள பொருள் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகப் பருப்பதால், கரைந்து போய்விடும் என்ற எண்ணம் தவறு.

இவ்வகை அடைப்புக்குக் கடைகளில் ‘பிளஞ்சர்’ என்ற பெயரில் கிடைக்கும், கைப்பிடியுள்ள ரப்பர் கிண்ணம் ஏற்றது. கிண்ணம் முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும்படி துளையை மூடி, மெல்ல அழுத்தி வேகமாக இழுக்க வேண்டும். அடைத்த பொருளைப் பெயர்ப்பது பெரும்பாலும் அந்த இழுப்பே. இதற்கும் அசையாத அடைப்பை வளையும் ஸ்பிரிங் கம்பி எடுக்கும். நேரான இரும்புக் கம்பியைக் குத்தினால் பீங்கான் விரிசல் விடும். ஆசிட் துணியையும் பிளாஸ்டிக்கையும் கரைக்காது என்பதோடு, செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் அது அழிக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்ட பீங்கானில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு எழுந்து நுரையீரலைத் தாக்கும். அவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

மண்ணுக்கடியில்

வளைவிலும் குழாயிலும் அடைப்பு இல்லையென்றால் பார்வை வெளியே திரும்ப வேண்டும். செப்டிக் டேங்கில் கனமான கசடு அடியிலும் கொழுப்பு மேலேடாகவும் தங்க, இடையிலுள்ள தெளிநீர் உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுக்காவிட்டால் அது உறிஞ்சு குழிக்கும் சென்று மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் கழிப்பறை மந்தமாகி, கோடையில் தானே சரியாகும் வீடுகளில், நிலத்தடி நீர் உயர்ந்து குழியைச் சூழ்வதால் தெளிநீர் போக இடமின்றிப் பின்னோக்கித் தேங்குகிறது; தக்கலையின் தாழ்ந்த மனைகளிலும் குளத்தங்கரைகளிலும் இதை முதலில் ஐயுற வேண்டும். கூரை மழைநீரும் குளியல்நீரும் அந்தக் குழியில் சேராமல் வேறு வழியில் விடுவதும், குழியை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்துவதும் இதற்குத் தீர்வாகும். ஆழப்படுத்தினால் குழி நிலத்தடி நீரையே எட்டி, அருகிலுள்ள கிணறு கெடும் வாய்ப்பு மிகும். குழாய் மூட்டுகளின் கசிவைத் தேடித் தென்னை போன்ற மரங்களின் வேர் நுழைவதும், தேவையான சரிவு இல்லாமல் குழாய் பதிக்கப்படுவதும் அடைப்பு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணங்கள்; 4 அங்குலக் குழாய்க்குச் சுமார் 40 அடிக்கு 1 அடி இறக்கம் பொருந்தும்.

இந்த வேலைகளுள் ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது: மனிதன் டேங்குக்குள் இறங்குவது. அங்கே திரளும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் நாற்றத்தை உணரும் திறனே மரத்துவிடுவதால், ‘வாடை இல்லை’ என்று நம்பி இறங்குபவரும், அவரைத் தூக்க இறங்குபவரும் அடுத்தடுத்து உயிரிழக்கிறார்கள். உரிய பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உரிமம் பெற்ற கழிவு உறிஞ்சும் லாரியை அழைப்பதே சரியான வழி. அதற்கு உதவி எண் 14420 உள்ளது.

லாரி வந்த பிறகு பல வீடுகளில் நேரம் கழிவது மூடியைத் தேடுவதில்தான். முற்றத்துக்குப் பதிகல் பாவும்போது டேங்கின் மூடியும் சேம்பரும் அதன் அடியில் மறைந்துவிடுகின்றன. கழிவுக்குழாய் போகும் வழி, சேம்பர், டேங்கின் மூடி, உறிஞ்சு குழி ஆகியவற்றைச் சுவரிலிருந்து இத்தனை அடி என்று அளந்து ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காதபோது எங்கே தோண்டுவது என்று யாரும் திகைக்க வேண்டியிராது.