நிழற்படம் பழகுதல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. கொல்லன் உலைக்களத்திலும், தச்சன் பட்டறையிலும், மீனவன் படகிலும் தத்தம் தொழிலைக் கற்றனர். நிழற்படக் கலையும் அவ்வாறு கற்க வேண்டியதே ஆகும். காமிராவின் உறுப்புகளையும் அவற்றின் பயனையும் நூல்களிலிருந்து அறியலாம். ஆயின், எக்கணத்தில் விசையை அழுத்துவது, எக்கணத்தில் அழுத்தாது நிற்பது என்பதனைத் தொழிலில் தேர்ந்த ஒருவரின் அருகிலிருந்து பழகியே அறிதல் கூடும். தொழில் நடைபெறும் இடத்திற்கே சென்று, அத்தொழில் புரிவாரோடு சில திங்கள் உடனிருந்து பெறும் கல்வியே தொழிற்பயிற்சி எனப்படும். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை இத்தகைய பயிற்சிக்கு நன்கு வாய்த்த களமாகும்.

இம்முறை புதியதன்று. சென்னைக் கலைப் பள்ளியை அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் நிறுவினார். அங்கு நிழற்படக் கலையும் பின்னர்க் கற்பிக்கப்பட்டது. 1856-ஆம் ஆண்டில் லினேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். அவர் 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் பிடித்தார். அந்நாளில் படம் எடுப்பதற்குரிய கருவிகளும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. கலைப் பள்ளியில் பயின்ற ஐயாசாமி என்பவர் அவருக்கு உதவியாளராக விளங்கினார். பள்ளியில் பாடம், வெளியில் பணி என்னும் இருவகைக் கல்வியும் இக்கலையில் தொடக்கம் முதலே இணைந்து வந்தமைக்கு இது சான்றாகும்.

கடற்கரையில் பயிற்சி பெற வரும் மாணவனுக்கு முதல் ஆசான் ஒளியே. படம் எவ்வளவு ஒளியோடு பதியும் என்பதனை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன. வில்லையின் துளை எவ்வளவு அகன்றுள்ளது என்பது ஒன்று. அதன் மூடி எவ்வளவு நேரம் திறந்துள்ளது என்பது மற்றொன்று. ஒளியை ஏற்கும் தகட்டின் கூருணர்வு மூன்றாவது. மீனவர் வீச்சுவலையை வீசும்போது, அது வானில் வட்டமாக விரியும் நிலையைத் தெளிவாகப் பிடிக்க வேண்டுமாயின் மூடி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருத்தல் வேண்டும். அதனையே முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால் வலை கலங்கிய புகைபோலத் தோன்றும். இவ்வளவும் புத்தகத்தில் உள்ளதே.

புத்தகத்தில் படித்தும் மனத்தில் தங்காத ஒன்று தனுஷ்கோடி மணலில் விளங்கும். காமிராவில் அமைந்த ஒளியளவி, தான் காணும் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்றே கருதிக் கணக்கிடும். வெண்மணலும் வெயிலும் பரந்த இடத்தில் அக்கணக்குப் பிழையாகும். மணல் மங்கும்; அதன்மேல் நிற்கும் மீனவரின் முகம் கருத்து அடையாளம் தெரியாமற் போகும். தேர்ந்த கலைஞர் கருவி காட்டும் அளவினும் சற்று மிகுதியாக ஒளியைப் புகவிடுவார். அல்லது கதிரவன் தாழ்ந்திருக்கும் காலை வேளைக்குக் காத்திருப்பார். ஒருமுறை படம் கெட்டு, மறுமுறை திருத்திக்கொண்ட மாணவன் இதனைப் பின்னர் மறவான்.

அடுத்த பாடம் கருவியைப் பேணுதல். மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக்கு நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் இப்பகுதி மக்கள் கூறுவர். இரு கடல்களின் காற்றும் உப்பையும் நுண்மணலையும் சுமந்து வருவன. உப்பு உலோகத்தை அரிக்கும். மணல் வில்லையைக் கீறும். ஆகவே, திறந்த வெளியில் வில்லையைக் கழற்றி மாற்றலாகாது. பணி முடிந்தவுடன் கருவியை மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொருளோடு பெட்டியில் வைத்தல் வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவன் முதற் சில நாட்கள் பை சுமப்பதிலும், மின்கலங்களுக்கு மின்னூட்டுவதிலும், எடுத்த படங்களை நாள்வாரியாகப் பிரித்து இரண்டு இடங்களில் சேமிப்பதிலும் கழிப்பான். இவை சிறு பணிகள் என்று எண்ணுதல் தவறு. ஒரு நாள் உழைப்பு முழுவதும் ஒரு சிறு கவனக்குறைவால் அழிந்துபோகக் கூடிய தொழில் இது.

நிழற்படம் பயன்படும் துறைகள் பல. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ஆம் ஆண்டில் தோன்றியது. 1949-இல் மண்டபத்திற்கு மாற்றப்பெற்றது. 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்னரும் மண்டபத்தில் அதன் மண்டல நிலையம் இயங்கி வருகிறது. இத்தகைய ஆராய்ச்சிக்குரிய படத்தில் அழகு முதன்மையன்று. மீனின் தலை இடப்புறம் அமைதல் வேண்டும்; துடுப்புகள் விரிந்து தோன்றுதல் வேண்டும்; அருகில் அளவுகோல் இருத்தல் வேண்டும். இறந்த மீனின் நிறம் விரைவில் மங்குமாதலின் காலம் தாழ்த்தாது படம் எடுத்தல் வேண்டும். பிடித்த இடமும் நாளும் குறிக்கப்படாத படம் ஆராய்ச்சியாளருக்குப் பெரிதும் பயன்படாது. படத்தின் கீழ் எழுதும் குறிப்பும் படத்தைப் போன்றே இன்றியமையாதது என்பதனை மாணவன் இங்கு அறிகிறான்.

அக்குறிப்பின் மதிப்பைப் பாம்பனும் தனுஷ்கோடியும் மேலும் உணர்த்தும். பாம்பன் இரயில் பாலம் 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு வீசிய கொடும் புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. அந்நகரை நோக்கிச் சென்ற இரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. பாலமும் பெருஞ்சேதம் அடைந்தது. செப்பனிடப்பட்ட பாலத்தில் மீண்டும் ஓடிய இரயில்கள் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து உயர, அதனூடே படகுகள் சென்ற காட்சி நெடுங்காலம் வழக்கமான நிகழ்ச்சியாகவே இருந்தது. இன்று எளிதிற் காணப்படுவது நாளை வரலாறாகும். அப்போது படத்தின் பின்புறம் எழுதிய நாளும் இடமுமே அதற்குச் சான்றாக நிற்கும்.

படம் எடுக்காதிருக்கக் கற்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரம் 1212 தூண்களோடு நீண்டு செல்வது. காண்போர் உள்ளத்தைக் கவர்வது. ஆயினும், கோயிலினுள் பொதுமக்கள் காமிரா கொண்டு செல்ல இசைவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குச் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். விதியை முன்னரே கேட்டறிந்து, உரியவரிடம் இசைவு பெற்றுப் பணியைத் தொடங்குதல் தொழில் ஒழுக்கமாகும்.

இவை அனைத்தினும் உயர்ந்த பாடம் மனிதரைப் படம் எடுப்பதில் உள்ளது. கீழக்கரையை அடுத்த பாரதி நகரில் வாழும் பெண்கள் படகேறிச் சென்று, மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வாழ்பவர்கள். பாறைகளும் கூரிய பவளங்களும் கீறாதவாறு விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர்கள் உழைக்கின்றனர். இவ்வுழைப்பை எம். பழனிகுமார் என்னும் நிழற்படக் கலைஞர் பதிவு செய்து, 2019-ஆம் ஆண்டில் ‘பாரி’ என்னும் இணைய இதழில் வெளியிட்டார். பி. சாய்நாத் 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்விதழ், சிற்றூர் மக்களின் வாழ்வைப் பதிவு செய்வது. மாணவர்க்குப் பயிற்சியும் அளிப்பது. பழனிகுமார் மதுரையில் மீன் விற்று வாழ்ந்த அன்னையின் மகன். உழைப்பவரின் வாழ்வை அவர் தொலைவில் நின்று கண்டவரல்லர். தம் இல்லத்திலேயே அறிந்தவர்.

பாசி எடுக்கும் பெண்ணின் படத்தைக் காண்போர் சிலர் வியப்பர், சிலர் இரங்குவர். அவ்விரண்டும் அவருக்கு வேண்டியவை அல்ல. அவர் செய்வது தொழில். அதற்குரிய மதிப்பே அவருக்கு வேண்டியது. ஆதலின் படம் எடுக்குமுன் அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும். அப்படம் எங்கு வெளியாகும் என்பதனை விளங்கக் கூறுதல் வேண்டும். நனைந்த உடையோடு கரையேறும் வேளையில் காமிராவைத் தாழ்த்திக்கொள்ளும் நாகரிகம் வேண்டும். அவர் வேண்டாமென்றால் அத்துடன் நிறுத்துதல் வேண்டும். ஒருவரின் முகம் அவருக்குரியது. அதனைக் கேளாது கவர்வது அவர்தம் உடைமையைக் கவர்வதற்கு ஒப்பாகும். இதனை அறியாத கலைஞனிடம் உள்ள சிறந்த காமிராவும் பிறரைப் புண்படுத்தும் கருவியாகவே முடியும்.

பயிற்சி பெறும் மாணவனுக்கும் உரிமைகள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அதன்கீழ் வரும் பழகுநர்க்கு எழுத்து வடிவிலான ஒப்பந்தமும் உதவித்தொகையும் உரியன என்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தைக் கலைப்படைப்பாக ஏற்று, அதனை எடுத்தவரையே அதன் ஆக்குநராகக் கொள்கிறது. பயிற்சி எத்தனை நாள், பணி யாது, உதவித்தொகை உண்டா, எடுத்த படம் யாருக்கு உரியது, அதன் கீழ் யார் பெயர் வரும் என்பவற்றை முதல் நாளே கேட்டுத் தெளிதல் நன்று. கேட்பது பணிவின்மை ஆகாது. பின்னர் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும் வழி அதுவே.

பயிற்சி முடிந்து திரும்பும் மாணவனின் கையில் சில நல்ல படங்களும் ஒரு சான்றிதழும் இருக்கலாம். அவற்றினும் சிறந்த செல்வம் அவன் பெற்ற பொறுப்புணர்ச்சியாகும். குறித்த நேரத்திற்கு முன்னரே களத்தில் நிற்றல், கருவியைப் பேணுதல், உண்மையான குறிப்பு எழுதுதல், இசைவு பெற்றே படம் எடுத்தல் ஆகிய பழக்கங்கள் அவனுக்கு எத்தொழிலிலும் துணை நிற்கும். மாணவர் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் தொழிலின் களத்தை ஒருமுறையேனும் நேரிற் சென்று பழகுதல் வேண்டும். அங்குப் பெறும் அறிவு கையோடும் மனத்தோடும் ஒன்றி, வாழ்நாள் முழுதும் பயன் தரும்.