வாசலில் காங்கிரீட் போடும் முன் மழைநீருக்கு வழி வைப்போம்



சென்னீர்குப்பத்தில் மண் வாசல் உள்ள வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பைக், கார் நிறுத்த வசதி வேண்டும், சேறு கூடாது என்று காம்பவுண்டுக்குள் முழுவதும் காங்கிரீட் தளம் போடுகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் இதுவரை மண் குடித்த தண்ணீர் இனி எங்கே போகும் என்று தளம் போடும் முன் கேட்பவர் குறைவு. மழை வந்ததும் தண்ணீர் தானே வழி தேடிக்கொள்கிறது. ஒன்று நம் வீட்டுக்குள் வருகிறது, இல்லையென்றால் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறது.

சாலை உயர்ந்தால் நாமும் வாசலை உயர்த்துகிறோம். வசதி உள்ளவர் உயர்த்தும்போது, வசதி இல்லாதவரின் வீடு பள்ளமாகிவிடுகிறது. தெருவில் பல வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் முகம் பார்க்காமல் போவதற்கு இது காரணமாகிவிடுகிறது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக்கூடாது என்று மக்தபிலேயே படித்தவர்கள் நாம். நம் இடத்தில் விழும் மழைக்கு நாமே பொறுப்பு என்பதும் அதில் அடங்கும்.

எவ்வளவு தண்ணீர்?

20 அடிக்கு 15 அடி வாசல் என்று வைத்துக்கொள்வோம். 300 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் சேரும். 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் 14 டிரம். மொட்டை மாடித் தண்ணீரும் வாசலில்தான் விழுகிறது என்றால் இன்னும் பல மடங்கு. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட பெருமழையை எந்த வாசல் வடிகாலும் தாங்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமாகப் பெய்யும் மழையைச் சமாளிக்க முடியும்.

மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவை

முதலாவது வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் இறக்கம் இருக்கட்டும். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். கண்ணளவில் விடாமல், காங்கிரீட் கொட்டும் முன் டியூப் மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு வாய்க்கால். 4 அங்குல அகலம், 6 அங்குல ஆழம் போதும். அதன் அடித்தளத்துக்கும் ஒரு பக்கமாக வாட்டம் வேண்டும். மேலே இரும்புக் கம்பி மூடி போடுங்கள். கார் ஏறும் இடமானால் கனமான மூடி தேவை. மூடியைக் கையால் தூக்கிச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் இரண்டாவது மழைக்காலத்திலேயே மண் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு சிறிய வண்டல் தொட்டி. வெளியே போகும் 4 அங்குலக் குழாய், தொட்டியின் அடியிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். மண்ணும் இலையும் அடியில் தங்கும், தண்ணீர் மட்டும் போகும்.

நான்காவது உறிஞ்சு குழி. 3 அடி விட்டத்தில் 6 அடி ஆழத்துக்கு உறை இறக்கினால் ஒரே நேரத்தில் சுமார் 1,200 லிட்டர் பிடிக்கும். மேலே களிமண் இருந்தால், அதைத் தாண்டி மணல் வரும் வரை தோண்ட வேண்டும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டியும், செப்டிக் டேங்க் பக்கத்திலும் குழி வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் மாடித் தண்ணீரையும் வாகனம் நிற்கும் வாசல் தண்ணீரையும் ஒன்றாகக் கருதக்கூடாது. வாசல் தண்ணீரில் எண்ணெய்க் கசிவு கலந்திருக்கும். அதைக் கிணற்றிலோ போரிலோ நேரடியாக விடாதீர்கள்.

மழைக்காலக் கடைசியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் குழி உறிஞ்சாது. அதற்காக, நிரம்பி வழியும் தண்ணீர் போக ஒரு குழாய் வைத்து, தெருவின் மழைநீர் வடிகாலுக்கு வழி விடுங்கள். கழிவுநீர்க் குழாயில் இணைத்தால், அடைப்பு ஏற்படும்போது சாக்கடைத் தண்ணீர் நம் வாசலிலோ, தாழ்வாக உள்ளவர் வீட்டுக் கழிவறையிலோ பொங்கும்.

தளத்துக்கு அடியில்

கனடா போன்ற குளிர் நாடுகளில் தளத்துக்கு அடியில் ஜல்லி பரப்பித் தண்ணீரை வடிய விடுகிறார்கள். அங்கே தேங்கும் தண்ணீர் உறைந்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பெருத்து, காங்கிரீட்டையே தூக்கிவிடும். நமக்குப் பனி இல்லை. ஆனால் சரியாகக் கெட்டிக்காத நிரப்பு மண்ணைத் தண்ணீர் அரித்து, அடியில் பொந்து விழுந்து, வண்டி ஏறியதும் தளம் வெடிக்கிறது. எனவே மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, 4 அங்குலத் தளம் போடுங்கள். 10 அடிக்கு ஒரு இடத்தில் இணைப்புக் கோடு விடுங்கள். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய், வாய்க்கால் வேலை எல்லாம் தளத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள், வண்டிச் சக்கரம் ஓடும் அளவுக்கு மட்டும் காங்கிரீட் போடலாம். சுவரோரம் 2 அடி மண்ணை விட்டு ஒரு மருதாணியோ கறிவேப்பிலையோ வையுங்கள். அந்த மண்ணே பாதி வேலையைச் செய்யும். கேட்டுக்கு வெளியே சாய்தளம் போடுபவர்கள், தெரு வடிகாலின் மேல் சிமெண்ட் பூசி மூட வேண்டாம். ஒரு வீட்டின் சாய்தளம் தெரு முழுவதன் தண்ணீரையும் நிறுத்திவிடும்.

ஏற்கெனவே தளம் போட்டவர்கள் மழைக்கு முன் பத்து வாளித் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் போனால், அங்கே ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டினால் போதும், தளம் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. புதிதாகப் போடுபவர்கள், வாட்டம் எந்தப் பக்கம் என்பதைப் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். அரை மணி நேரப் பேச்சு, பல வருட மனக்கசப்பைத் தடுக்கும், இன்ஷா அல்லாஹ்.

இந்த மழையை அல்லாஹ் நம் அனைவருக்கும் ரஹ்மத்தாக ஆக்குவானாக, ஆமீன்.

— செயலாளர்