ஏலமலையில் எழும் ஐயங்கள்

பருவநிலை மாறிவருகிறது என்பதைப் போடிநாயக்கனூர் ஏல வணிகரிடம் எவரும் வாதிட்டு நிறுவ வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டின் பெருமழையில் மலைச்சரிவுகள் சரிந்து விழுந்ததையும், 2024ஆம் ஆண்டின் கோடையில் ஏலச்செடிகள் கருகியதையும் ஆறே ஆண்டு இடைவெளியில் அவர் கண்டிருக்கிறார். ஆகவே, அரசின் பருவநிலை, எரிசக்திக் கொள்கைகள் குறித்து இங்கு எழும் ஐயத்தை அறிவியல் மறுப்பு எனக் கொள்வது பிழை. இவர்கள் நோயை ஒப்புக்கொள்கின்றனர். ஐயம் மருந்தைப் பற்றியது.

முதல் ஐயம் உலர்த்தும் அடுப்பைப் பற்றியது. கொய்த பச்சைக்காயை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் வாட்ட வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய், ஒரு கிலோ உலர்காயாகச் சுருங்கும். தோட்டத்து 'ஸ்டோர்'களில் இதற்கு நெடுங்காலமாக விறகே எரிக்கப்பட்டது. விறகைக் குறைத்துக் கதிரொளிக்கு மாறுக என்னும் அறிவுரை கேட்க இனியதே. ஆனால், காய் எடுப்பு மும்முரமடையும் ஆகஸ்டு மாதத்தில் மலையைப் பருவமழை மூடியிருக்கும். வெயில் கிடைத்தாலும் நேர்வெயில் பட்ட காய் பச்சை நிறம் இழந்து வெளுத்துப்போகும். ஏல மையத்தில் விலையைத் தீர்மானிப்பதோ நிறமும் பருமனும். மின் உலர்த்தியை நம்பலாமென்றால், காற்றில் கம்பி அறுந்த ஓர் இரவே ஓர் அறைக் காயைக் கெடுக்கப் போதுமானது.

அரசின் இலக்குகளும் இவ்வையத்தைப் போக்கவில்லை. 2010இல் தொடங்கிய தேசியச் சூரிய ஆற்றல் திட்டத்தின் இலக்கு, 2015இல் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் எட்டியது சுமார் 63,000 மெகாவாட். அவ்விலக்கில் கூரைகளுக்கென ஒதுக்கிய 40,000 மெகாவாட்டில் கால்பங்குகூட நிறைவேறவில்லை. பெருநிறுவனங்களின் பரந்த வெளிகளில் விரைந்த திட்டம், சிறியவர் கூரையை அடையும்போது தளர்ந்துவிட்டதைக் காண்கிறோம்.

இரண்டாவது ஐயம் மரத்தைப் பற்றியது. ஏலம் நிழற்பயிர். மிகுந்த வெளிச்சம் தாங்கும் ஞள்ளானி ரகம் பரவியபின் நிழல்மரங்களின் கிளைகளை அளவுக்கு மீறிக் கழித்தவர்கள் விவசாயிகளே, அதை மறைப்பதற்கில்லை. எனினும், போடிக்காரர் பலர் தோட்டம் வைத்திருக்கும் கேரள எல்லைக்குட்பட்ட ஏலமலைக் காப்புப் பகுதியில் நிலம் வருவாய்த் துறையின் ஆளுகையிலும் மரம் வனத்துறையின் ஆளுகையிலும் உள்ளன. மரத்தைப் பேணுபவருக்கு மரத்தின்மீது உரிமையில்லாத இடத்தில், மரம் வளர்க்கச் சொல்லும் கொள்கையை அவர் எவ்வாறு நம்புவார்?

அக்காப்புப் பகுதியின் பரப்பே வழக்கில் இருக்கிறது. அது 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலை. 2,15,720 ஏக்கர் என்பது வழக்குத் தொடுத்த சூழலியலாளர் வாதம். முன்னே நிற்கும் ஓர் இலக்கமே பூசல்! 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அங்குப் புதிய பட்டாக்கள் வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. விறகா, வெயிலா என்னும் வினாவுக்கு முன்பே, மரம் யாருடையது என்னும் வினாவைத்தான் மலையில் நம்மிடம் எழுப்புகின்றனர்.