வானிலை எண்வரியும் வழிதவறிய நிரலும்

ஒரு சொல்லைத் தவறாகப் படிப்பவன் விரைவில் அதனை உணர்ந்துகொள்கிறான். ஓர் எண்ணைத் தவறாகப் படிப்பவனோ, தான் தவறியதையே பெரும்பாலும் அறிவதில்லை. வீட்டுப் பணிகளைக் கணினியே கவனிக்கும் இக்காலத்தில் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் நன்று.

திருகோணமலை வானிலை நிலையத்திற்கு உலக வானிலை வழக்கில் 43418 என்பது அடையாள எண். சைனாப் என்னும் குறிமொழியில் அந்நிலையத்தின் அறிக்கை ஐந்தைந்து இலக்கங்கள் கொண்ட கூட்டங்களாக அமையும். 10285 என்றால் வெப்பநிலை 28.5 பாகை செல்சியஸ். 40098 என்றால் கடல்மட்ட அமுக்கம் 1009.8 ஹெக்டோபாஸ்கல். இவ்வெண்வரியிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பது ஒரு சிறு நிரலின் வேலை. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மஹன் ஆக்கிய 'செட்' என்னும் உரைத்தொகுப்பான் இத்தகைய பணிக்குப் பெயர்பெற்றது.

துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டில் இத்தகைய நிரல் இயங்குவதாக எண்ணிப் பார்க்கலாம். '1 இல் தொடங்கும் முதற் கூட்டமே வெப்பநிலை. அதன் கடைசி மூன்று இலக்கங்களைப் பத்தால் வகுத்துச் சொல்' என்பது அதற்கு இட்ட கட்டளை. சில நாள் அது சரியாகவே பேசுகிறது. பன்னிரண்டாந் தேதி முற்பகல் 11.30 மணியின் அறிக்கை வருகிறது. வெளியே கச்சான் காற்று அனலாய் வீச, கருவியோ 'வெப்பநிலை 6.4 பாகை' என்கிறது!

பிழை கருவியிலும் இல்லை, நிலையத்திலும் இல்லை. வந்த எண்வரியையும் நிரல் சொன்ன விடையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வரியின் தொடக்கத்தில் 12064 என்று உள்ளது. 12 என்பது தேதி. 06 என்பது உலகப் பொது நேரம், அதாவது இலங்கையில் 11.30 மணி; 4 என்பது காற்றின் வேகம் கடல்மைல் அலகில் அளக்கப்பட்டதற்கான குறி. தேதியையே வெப்பநிலையென நிரல் கொண்டுவிட்டது. பத்தாந் தேதி முதல் பத்தொன்பதாந் தேதி வரை நேரும் இக்குறை, இருபதாந் தேதி மருந்தின்றி மறைந்துவிடும். ஆதலால் இதனைக் கண்டுபிடிப்பது அரிது.

பரிகாரம் எளிது. முதலில் 43418 ஐத் தேடவேண்டும். அதற்கடுத்த இரு கூட்டங்களையும் விட்டுவிடவேண்டும். அவற்றுள் ஒன்று மழைக்குறியும் பார்வைத்தூரமும் பற்றியது, மற்றது மேகமும் காற்றும் பற்றியது. அதன் பின்னரே 1 இல் தொடங்குவதைக் கொள்ளவேண்டும். 333 என்னும் குறி வந்ததும் நின்றுவிடவேண்டும்; அதற்கு அப்பால் 1 என்பது உச்ச வெப்பநிலையைக் குறிக்கும். இலக்கத்திற்குப் பதிலாகச் சாய்கோடு இருப்பின், 'தகவல் இல்லை' என்று சொல்லவேண்டுமேயன்றிச் சுழியம் என்று சொல்லலாகாது.

இதனினும் கொடிய பிழை அமுக்கத்தில் ஒளிந்திருக்கிறது. ஆயிரத்தைக் குறிக்கும் 1 அங்கு எழுதப்படுவதில்லை. எப்பொழுதும் முன்னால் 1 சேர்க்கும் நிரல் சாதாரண நாட்களில் தவறாது. சூறாவளியின்போது அமுக்கம் 996.5 ஆகத் தாழ்ந்தால், 49965 என்பதை அது 1996.5 எனப் படிக்கும். ஆயிரத்திற்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும்படி அமைத்த மணி, அடிக்கவேண்டிய வேளையில் ஊமையாகிவிடும். 0 இல் தொடங்கினால் மட்டுமே 1 ஐச் சேர்க்கவேண்டும். 9 இல் தொடங்கினால் சேர்த்தல் கூடாது.

2020 டிசம்பர் 2 ஆந் தேதி இரவு புரவிப் புயல் திருகோணமலையை அண்டியே கரைகடந்தது. ஆகவே நிரலை நல்ல நாளின் வரியால் மட்டுமன்றிப் புயல் நாளின் வரியாலும் சோதித்தல் வேண்டும். அவ்வாறு சோதித்த பின்னரும், கடலுக்குச் செல்வோர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கைக்கே முதற்செவி கொடுத்தல் அறிவுடைமை.