ஹலைக்: ஒரு தீவுச் சிற்றூர் வெறுமையான வரலாறு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ராசே என்னும் சிறு தீவு உள்ளது. அதன் கிழக்குக் கரையில், டூன் கான் குன்றின் கீழ்ச்சரிவில், ஹலைக் என்னும் சிற்றூரின் கற்சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. இத்தகைய ஊர்களைக் 'கைவிடப்பட்டவை' எனக் குறிப்பது வழக்கம். இச்சொல்லாட்சி ஹலைக்குக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. ஊரை மக்கள் கைவிடவில்லை. ஊரிலிருந்து அவர்கள் அகற்றப்பட்டனர்.

ராசே பல தலைமுறைகளாக மக்லவுட் குலத்தலைவர்களின் உடைமையாக இருந்தது. கடைசித் தலைவர் கடனில் மூழ்கவே, 1843இல் ஜார்ஜ் ரெய்னி என்பவர் தீவை விலைக்கு வாங்கினார். இவர் தென்னமெரிக்காவின் டெமராராவில் பொருளீட்டிய வணிகர். அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் பிரித்தானிய அரசு அடிமைகளுக்கன்றி அவர்தம் உடைமையாளர்க்கு வழங்கிய இழப்பீட்டில் இவருக்கும் பங்குண்டு. அதே டெமராராவுக்கு 1838 முதல் இந்தியக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டதை நம் துறையினர் நன்கறிவர்.

1846இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. குத்தகை செலுத்த இயலாத குடிகளைக் காட்டிலும் செம்மறியாடுகள் மிகுந்த வருவாய் தரும் என்பது அக்கால நிலவுடைமையாளர் கணக்கு. 1850களின் முற்பகுதியில் ஹலைக் உள்ளிட்ட பல ஊர்கள் வெறுமையாக்கப்பட்டன. சிலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். வேறு சிலர் பாறை மிகுந்த வடபகுதிக்கும் அருகிலுள்ள ரோனா தீவுக்கும் ஒதுக்கப்பட்டனர். தீவின் குறுக்கே ஒரு கற்சுவரும் எழுப்பப்பட்டது. நல்ல மேய்ச்சல் நிலம் சுவரின் தென்புறத்தில் இருந்தது. குடிகள் வடபுறத்தில் இருந்தனர்.

இச்செய்திகள் பலவற்றை நாம் அறிவது 1883ஆம் ஆண்டின் விசாரணைக் குழுவின் பதிவுகளால்தான். அதற்குத் தலைமை தாங்கிய நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். சென்னையின் நேப்பியர் பாலம் இவர் பெயரையே தாங்கியுள்ளது. ராசே மக்கள் அக்குழுவின்முன் அளித்த சாட்சியங்களில் ஒன்று நெஞ்சை உறுத்துவது: ரெய்னி தீவில் திருமணத்தையே தடைசெய்திருந்தார். புதிய குடும்பங்கள் தோன்றின் அவற்றுக்கும் நிலம் வேண்டுமன்றோ! 1886இல் நிறைவேறிய சட்டம், எஞ்சியிருந்த சிறு குத்தகையாளரை வெளியேற்றத்திலிருந்து காத்தது. ஹலைக் மக்களுக்கு அது முப்பது ஆண்டுகள் பிந்தி வந்தது.

ஆவணங்கள் அகற்றலைக் கூறுமேயன்றி அகன்றோரின் முகங்களைக் காட்டா. ராசேயில் 1911இல் பிறந்த சோர்லி மக்ளீன், 1954இல் வெளிவந்த 'ஹலைக்' என்னும் கேலிக் மொழிக் கவிதையில் அம்முகங்களைத் தேடினார். அவ்வூர்ப் பெண்கள் அதில் பிர்ச், ரோவன், ஹேசல் மரங்களாய் நிற்கின்றனர். பேசுவோர் அருகிவந்த மொழியில், ஆளில்லா ஊரைப் பற்றி எழுந்த பாடல் இது. வகுப்பறையில் இதனைக் கற்பிப்போர், 1883ஆம் ஆண்டின் சாட்சியங்களையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். இல்லையேல் மரங்கள் வெறும் இயற்கை வருணனையாகவே மாணவர்க்குத் தோன்றும். ஹலைக் செல்லும் நடைபாதையில் உள்ள நினைவுக் கற்குவையில் இக்கவிதை பொறிக்கப்பட்டுள்ளது.