160 கோடி மணிகளின் தாகம்

டி-ஷர்ட்டின் மார்பில் பளிச்சென்று நிற்கும் படம் துணியிலேயே அச்சடித்தது என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். திருப்பூரின் பல பிரிண்டிங் யூனிட்டுகளில் இன்று அப்படி நடப்பதில்லை. படம் முதலில் ஒரு பாலியெஸ்டர் ஃபிலிமில், இடம் வலமாக மாறி அச்சாகிறது. வண்ண மைகள் முதலில், அவற்றின் முதுகில் வெள்ளை மை. அந்த வெள்ளை காய்வதற்குள் அதன் மேல் நைசான பவுடர் ஒன்றைத் தூவி ஃபிலிமைக் குலுக்குகிறார்கள். மை இருக்கிற இடத்தில் பவுடர் ஒட்டிக்கொள்ளும். மற்ற இடத்தில் விழுந்தது அத்தனையும் உதிர்ந்துவிடும். அடுத்து சூட்டு அடுப்பில் இரண்டு மூன்று நிமிடம். பவுடர் உருகிப் பசையாகப் படர்கிறது. அந்த ஃபிலிமைத் துணி மேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் 150, 160 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி உரித்தால் படம் துணிக்கு வந்து சேரும். டி.டி.எஃப். பிரிண்டிங் என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

பிரிண்டருக்கும் மைக்கும் கிடைக்கிற மரியாதை இந்தப் பவுடருக்குக் கிடைப்பதில்லை. மை பாட்டில் ஏ.சி. அறையில் இருக்கும், பவுடர் பை வாய் பிரிந்தபடி மெஷினுக்கு அடியில் கிடக்கும். நாலு துவைப்பில் படம் உரிந்தால் மையைத் திட்டுவார்கள், பிரஸ்ஸின் சூட்டை ஏற்றிப் பார்ப்பார்கள். ஆனால் துணியையும் படத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது பவுடர் ஒன்றுதான். அது எப்படிப் பிடிக்கும் என்பதில் பாதி, பிரஸ்ஸுக்குள் போவதற்குப் பல வாரம் முன்பே, குடோனில் முடிவாகிவிடுகிறது.

ஒரு சிட்டிகைப் பவுடரைக் கறுப்புத் துணியில் தூவி, பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தது மறைந்து, முனை முறிந்த, கோணல்மாணலான துண்டுகள் தெரியும். உருண்டையாக ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கடினம். இந்தப் பவுடர் பெரும்பாலும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த பாலியூரிதேன் குடும்பத்தைச் சேர்ந்தது. ரப்பரைப் போல இழுபடும், சூட்டில் உருகும். துணியோடு சேர்ந்து நீண்டு சுருங்க வேண்டிய பசைக்கு இந்தக் குணம் அவசியம். ஆனால் இழுபடுகிற பொருளைச் சாதாரண ஆலையில் அரைக்க முடியாது. உரசலில் சூடாகிப் பிசுபிசுத்துவிடும். அதனால் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, விறைத்துப் போன நிலையில் நொறுக்குகிறார்கள். அந்த உடைசலின் தழும்புகளைத்தான் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். பிறகு சலித்துத் தரம் பிரிப்பார்கள். பரவலாக ஓடுவது 80 முதல் 170 மைக்ரான் வரையுள்ள ரகம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.

இந்தப் பொடி நிலைதான் பவுடரின் பலம், அதுவே அதன் பலவீனமும். சராசரி 100 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 160 கோடி மணிகள் இருக்கும். அந்த ஒரு கிலோவை ஒரே உருண்டையாக உருட்டினால் அதன் குறுக்களவு 12 சென்டிமீட்டர்கூட வராது. காற்றுப் படும் பரப்பு ஒரு சிறிய தட்டின் அளவுதான். பொடியாக இருக்கும்போதோ அதே கிலோவின் மொத்தப் பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். 540 சதுர அடி, ஒரு சின்ன வீட்டின் தரை. பையின் வாயைத் திறந்து வைப்பது என்றால் அவ்வளவு பெரிய தரையைக் காற்றின் ஈரத்துக்கு விரித்து வைப்பது என்று அர்த்தம்.

பாலியூரிதேனுக்கு ஈரத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இடையிடையே நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனும், கார்பனோடு சேர்ந்த ஆக்சிஜனும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறு எளிதாகக் கைகோத்துக்கொள்ளும் இடங்கள் இவை. ஈரம் மணியின் மேற்பரப்பில் படிவதோடு நிற்பதில்லை, உள்ளேயும் ஊறுகிறது. பார்வைக்குப் பவுடர் அப்படியே இருக்கும், தொட்டாலும் ஈரம் தெரியாது.

அடுப்புக்குள் போனதும் தெரிந்துவிடும். பவுடர் உருகுவது 110 டிகிரியை ஒட்டி. தண்ணீர் கொதிப்பது 100இல். பவுடர் எடையில் அரை சதவீதம் ஈரம் ஏறியிருந்தால் ஒரு கிலோவில் 5 கிராம் தண்ணீர். ஒரு தேக்கரண்டி அளவு. அந்த 5 கிராமும் ஆவியானால் எட்டு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். உருகிக்கொண்டிருக்கும் மெல்லிய பசைப் படலத்துக்குள் அது எங்கே போகும்? குமிழாக எழும்பும், ஊசி குத்தினாற்போலத் துளைகளை விட்டுச் செல்லும். பசை துணியின் நூலுக்குள் சீராக இறங்காது. முதல் நாள் படம் நன்றாகவே இருக்கும்; துவைக்கத் துவைக்க அந்தத் துளைகளிலிருந்து விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் இதே பொருளை உருக்குவதற்கு முன் ஈரத்தை 0.02 சதவீதத்தை ஒட்டி இறக்கிய பிறகே தொடுவார்கள். துணியில் அவ்வளவு கறார் தேவைப்படாது. ஆனாலும் அந்த எண்ணை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால், திறந்து கிடக்கும் பையைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. கடற்கரையில் காய்ந்த மணலில் கோபுரம் கட்ட முடியாது, ஈர மணலில் கட்டலாம். இரண்டு மணிகள் தொடும் இடத்தில் தண்ணீர் ஒரு நுண்ணிய பாலம் போட்டு, தன் பரப்பு இழுவிசையால் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பவுடர் கட்டி தட்டிப் போவது இதனால்தான். ஃபிலிமில் மை இருக்கும் இடத்தில் மட்டும் பவுடர் நிற்பதற்கும் காரணம் இதே விசைதான். மையின் ஈரம் மணியைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, இந்தப் பவுடர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு இடத்தில் ஈரத்தைச் சந்திக்க வேண்டும். அதற்கு முன் சந்தித்தால், மை இல்லாத இடத்திலும் தங்கி, படத்தைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகளாக உருகி ஒட்டும். கல்யாணப் பத்திரிகையில் விரலுக்குத் தட்டுப்படும்படி எழும்பி நிற்கும் எழுத்துகளும் இந்த வம்சம்தான். ஈர மையில் பிசின் பொடி தூவி, மிச்சத்தை அகற்றி, சூடு காட்டி எழுப்புவது அச்சுத் தொழிலுக்குப் பழைய வித்தை.

அப்படியானால் காற்றை எலும்பு காயக் காயவைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறு வம்பு காத்திருக்கிறது. மிக வறண்ட காற்றில், குலுக்கும்போதும் உரசும்போதும் ஃபிலிமிலும் பவுடரிலும் நிலைமின்னேற்றம் ஏறி, இறங்க வழியில்லாமல் நிற்கும். பொருள்களின் மேல் காற்றின் ஈரம் போடும் கண்ணுக்குத் தெரியாத படலம்தான் வழக்கமாக அந்த மின்னேற்றத்தை மெல்லக் கசியவிடும். அது இல்லாவிட்டால் மை இல்லாத இடத்திலும் பவுடர் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு குலுக்கினாலும் விடாது. பவுடரை மின்விசை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு 1938 அக்டோபர் 22 சாட்சி. அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். எழுத்தின் நிழலை அதில் விழவைத்து, லைகோபோடியம் பொடியைத் தூவினார். பொடி எழுத்தில் மட்டும் நின்றது. அதை மெழுகுத் தாளுக்கு மாற்றிச் சூடு காட்டினார். ஜெராக்ஸ் பிறந்த கதை அது. அங்கே வேண்டி விரும்பி வரவழைத்த விசை, இங்கே அழையாமல் வந்து வேலையைக் கெடுக்கிறது.

பவுடருக்கு ஒத்துவரும் காற்று ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் என்று தொழிலில் சொல்வதன் காரணம் இந்த இருபக்க இடிதான். திருப்பூரில் ஒரே வருடத்துக்குள் இரண்டு எல்லையும் வந்து போகும். பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் பவுடர் ஃபிலிமை விடாது. ஐப்பசி அடைமழையில் அதே பவுடர் நமத்துப் போகும். சுவரில் ஒரு ஈரமானியை மாட்டாமல் பவுடரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இனி பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியத்துக்கு வருகிறேன். பவுடர் கெடக்கூடாது என்று பையை ஏ.சி. அறையில் வைக்கிறார்கள். சரியான இடம்தான். காலையில் ஆர்டர் அவசரத்தில் அந்தப் பையை எடுத்து வந்து, வெளி ஹாலில் உடனே பிரிக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் இருப்பது 21 கிராம். 22 டிகிரியில் தாங்க முடிந்தது 19 கிராம் சொச்சம்தான். ஆகவே 22 டிகிரிக் குளிரில் இருக்கும் பவுடரைத் தொட்ட காற்று, சுமக்க முடியாத மிச்சத்தை அங்கேயே இறக்கிவைத்துவிடும். குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பது கண்ணுக்குத் தெரியும். 160 கோடி மணிகள் வியர்ப்பது தெரியாது. பவுடர் சூட்டைச் சீக்கிரம் கடத்துவதும் இல்லை. பையின் நடுப்பகுதி ஹாலின் சூட்டுக்கு வரப் பல மணி நேரம் ஆகும். எனவே மறுநாள் தேவைப்படும் பையை முந்தைய இரவே, வாய் திறக்காமல், ஹாலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். காசு செலவில்லாத வேலை இது. இருந்தும் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான்.

தகரக் கூரை குடோனின் சிக்கல் வேறு விதம். மே மாதப் பகலில் கூரைக்குக் கீழே சூடு 45 டிகிரியைத் தாண்டலாம். உருகுநிலை 110 அல்லவா, 45இல் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். முழு மணி உருகாது. ஆனால் மணிகளின் தொடுமுனைகள் இளகும். மேலே பத்து மூட்டை அடுக்கியிருந்தால் அடிமூட்டையில் அந்த முனைகள் நாளாக நாளாக ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ரகம் நைசாக ஆக ஆக இது கூடும். மணியின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒன்றாகிறது, ஒட்டும் விசையோ பாதிதான் குறைகிறது. எடையோடு ஒப்பிட்டால் ஒட்டும் சக்தி நான்கு மடங்கு. மெல்லிய கோடுகளும் சின்ன எழுத்துகளும் தெளிவாக விழ வேண்டும் என்று வாங்கும் நைஸ் பவுடரைத்தான் அதிகக் கவனத்தோடு வைக்க வேண்டியிருக்கிறது. தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல், அடுக்கு உயராமல், பாய்லரையும் அடுப்பையும் விட்டு விலகி. நெருப்பிலிருந்து விலக்கிவைக்க இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் புழுதியாகப் பறக்கும் பிளாஸ்டிக் பொடி பொறி பட்டால் குப்பென்று பற்றக்கூடியது. சிந்தியதைத் துடைப்பத்தால் விசிறிப் பெருக்கக் கூடாது.

மெஷினின் ஷேக்கர் தட்டில் மிஞ்சும் பவுடரை என்ன செய்வது? அது ஃபிலிமைத் தொட்டது, அடுப்பின் வெக்கையைப் பார்த்தது, பனியன் துணியின் பஞ்சைச் சேர்த்துக்கொண்டது. தூக்கி எறிய வேண்டியதில்லை. சலித்து, தனி டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, முதலில் அதைத் தீர்த்துவிடலாம். புதுப் பையில் திருப்பிக் கொட்டுவதுதான் தப்பு; ஒரு பிடி பழசின் ஈரம் முழுப் பைக்கும் பரவும். ராத்திரி தட்டிலேயே விட்டுப் போவதும் அதே கணக்கில்தான் வரும். டப்பாவுக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்ல காவலாள், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சும். ஆனால் நிறைந்த பொட்டலம் வெறும் கல். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

கட்டி தட்டிய பவுடர் கையில் இருந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுத வேண்டாம். கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரத்தால் ஆனது. அகலத் தட்டில் மெல்லப் பரப்பி, உருகுநிலைக்கு வெகு கீழே, 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பொடிக் கல் போல நசுங்காமல் நின்றால் சூட்டில் பற்றிக்கொண்டது. சலித்துக் கழிப்பதைத் தவிர வழியில்லை. மீண்டதா என்று அறிய, ஒரு புனலின் வழியே தாளின் மேல் ஊற்றிக் குவியலைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். காய்ந்த பவுடர் வழிந்து, தாழ்வான மேடாகப் படுக்கும். சரிவு 30 டிகிரியை ஒட்டி இருக்கும். ஈரம் வாங்கியது 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கும், விளிம்பு வெடித்துச் சரியும். மருந்துக் கம்பெனிகளிலும் மாவு ஆலைகளிலும் பொடியின் ஓட்டத்தை இந்தச் சரிவுக் கோணத்தை வைத்து அளப்பது வழக்கம்.

பல மாதம் ஈரத்தோடு கிடந்த பவுடருக்கு மட்டும் இந்தச் சோதனை போதாது. அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவைச் சில வருடம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பெரும்பாலும் பாலியூரிதேன்தான். பாலியெஸ்டர் வகைப் பாலியூரிதேனில் தண்ணீர் வெறுமனே தங்குவதில்லை. நாளடைவில் மூலக்கூறுச் சங்கிலியையே அறுக்கிறது. அறுந்த சங்கிலியை எந்தக் காயவைப்பும் ஒட்டாது. பவுடர் பார்க்க வெள்ளையாக இருக்கும், நன்றாக ஓடும், உருகவும் செய்யும், பிடி மட்டும் இருக்காது. அதனால் தேதி கடந்த பையை ஆர்டரில் இறக்குவதற்கு முன் ஒரு கட்டிங் வேஸ்ட் துணியில் படத்தை அடித்து, ஒரு நாள் ஆறவிட்டு, ஐந்தாறு முறை துவைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். படம் துணியோடு நீண்டு திரும்பினால் பவுடரை ஓட்டலாம். குறுக்கே வெடிப்பு விட்டாலோ ஓரம் நகத்துக்கு எழும்பினாலோ அந்தப் பையை அதோடு நிறுத்திவிட வேண்டும்.