பால் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தீர்களா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணி முடித்த நேரம். ஒரு தங்கச்சி பையிலிருந்து பால் பவுடர் டப்பாவை எடுத்துக் காட்டினார். அங்கன்வாடியில் எடை போட்டபோது அவருடைய அஞ்சு மாசக் குழந்தைக்கு எடை ஏறவே இல்லையாம். விசாரித்தோம். "பவுடர் விலை ஏறிப்போச்சுங்க, அதான் ரெண்டு கரண்டிக்குப் பதிலா ஒரு கரண்டி போட்டு ஆத்துறேன்" என்றார்.

டப்பாவை வாங்கிப் பார்த்தோம். விலை இருந்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால், அடியில் அச்சிட்ட விலை நாற்பது ரூபாய் குறைவு! டப்பாவின் அடியில் காலாவதித் தேதியும் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எட்டாவது படித்த பெண்தான். ஆனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறார். நாமும் அப்படித்தானே வாங்குகிறோம்?

அச்சிட்ட எம்.ஆர்.பி.யை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றுவது, பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு. விலையைக் குறைக்க வேண்டுமானால் ஒட்டலாம். அப்போதும் பழைய விலை தெரிய வேண்டும். எடை, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய போன் நம்பர் எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும்.

குழந்தை உணவுக்குத் தனிச் சட்டமே 1992-இல் வந்து, 2003-இல் திருத்தப்பட்டது. 'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது' என்ற அறிவிப்பு டப்பாவில் கட்டாயம். சுகாதாரப் பணியாளர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும் போட்டிருக்க வேண்டும். பால் பவுடரிலும் இணை உணவிலும் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது. ஏன் தெரியுமா? எழுத்துத் தெரியாத தாய் கொழுகொழு குழந்தை படத்தைப் பார்த்தால், பவுடர்தான் பிள்ளையை அப்படி வளர்க்கும் என்று நம்பிவிடுவாள். விளம்பரம் செய்வதும், இலவச மாதிரி கொடுப்பதும்கூட தடைதான்.

அந்தத் தங்கச்சியிடம் பில் இல்லை. "இது எங்க கடை டப்பாவே இல்லை" என்று கடைக்காரர் கை விரித்துவிட்டார். எங்களுக்கும் வாயடைத்துப் போனது. அதனால் பில் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். பில்லும் டப்பாவும் கையில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். தாய்ப்பாலை மறுபடி கூட்டுவது எப்படி என்று செவிலியர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாராவாரம் எடை பார்க்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் கிடக்கும் பவுடர் டப்பா, செரல் அட்டைப்பெட்டி எதுவானாலும் எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.